மூட்டை மேல் ஒரு வார்த்தை

ஜூன் 3

அக்காவுக்கு,

நலம். நலமா என்று கேட்க இப்போது மனமில்லை. ஆனாலும் கடிதத்துக்கு ஒரு முறை இருக்கிறது, கேட்டதாக வைத்துக்கொள்.

நீ அனுப்பிய மூட்டை நேற்று வந்தது. வந்த விதத்தைச் சொல்கிறேன். சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் தெரு வழியாகப் போகிற நேரம். பார்சல் வண்டிக்காரர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "மக்கு யாருங்க? இங்க மக்குன்னு யாருங்க?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த வார்த்தையை நீ கறுப்பு மையில், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதியிருக்கிறாய். என் முகவரி அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்தது மாதிரி இருக்கிறது. அவருடைய கண்ணாடி வண்டியிலேயே இருந்துவிட்டதாம். எதிர்வீட்டு அம்மா கொஞ்சம்கூட யோசிக்காமல், "அது கணக்கு வாத்தியாரா இருக்கும், கேட்டுப் பாருங்க" என்று என் வீட்டைக் காட்டியிருக்கிறார்.

இன்று காலை ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் "மக்கு சார் வாழ்க" என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்டாய், பொறுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று என் மாமனார் வீட்டார் முன்னால் கூப்பிட்டாய், சிரித்து மழுப்பினேன். இப்போது தபால் செலவு செய்து கூப்பிடுகிறாய். அக்டோபரில் குழந்தை பிறக்கும்போது வந்து கூட இருப்பேன் என்று சொல்லியிருந்தாயே, அதற்கு நீ வர வேண்டாம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தம்பி.


ஜூன் 9

என் தம்பிக்கு,

நீ போனை எடுக்காமல் கடிதம் எழுதியது ஒரு வகையில் நல்லதுதான். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. 

கடையில் நின்றபடியே படித்தேன். சிரிப்பை அடக்க முடியாமல், இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுப்போக்கு மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டேன். நல்லவேளை, அவர் அட்டையைப் படிக்கிற மனிதர். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. ஆகவே உன் மானமும் என் மானமும் சரிக்குச் சரியாகப் போயிற்று.

அட பைத்தியக்காரா, மூட்டையில் நான் எழுதியது "இலை மக்கு". உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுவார்கள் இல்லையா, அதுதான். என் வீட்டுக் கொல்லையில் உதிர்கிற இலையையெல்லாம் தொட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒரு வருஷம் மக்கவிட்டு எடுத்த உரம். காப்பித்தூள் மாதிரி உதிரும். உன் அத்தான் ஒரு கூடை கேட்டதற்குக்கூடக் கொடுக்காமல் உனக்கு அனுப்பினேன். உன் வீட்டுக்காரி போனில் ஆசையாகச் சொன்னாள், "பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு அண்ணி, குழந்தை வர்றதுக்குள்ள நாலு கீரையாவது நம்ம மண்ணுல பறிக்கணும்" என்று. அதற்காகத்தான்.

மூட்டைக்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வராதே என்று மட்டும் எழுதாதே. எனக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான். உன் பிள்ளையைத் தூக்கத்தானே நான் அக்டோபருக்கு லீவு சொல்லி வைத்திருக்கிறேன். அதைப் படித்த பிறகு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா.


ஜூன் 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மூட்டையை நாலு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். "மக்கு" இருக்கிறது. இலையும் இல்லை, கிளையும் இல்லை. என் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் உன் பக்கம்தான், ஆனாலும் அவளுக்கும் இலை தென்படவில்லை. ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றை எழுதியதாகச் சாதிப்பது உனக்குப் பழக்கம்தான். மூட்டையைப் பிரிக்காமல், எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி, மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

உனக்கு இது வேடிக்கை. எனக்கு எப்படி இருந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்பில் கணக்கில் ஒருமுறை கோட்டைவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது. அதன்பிறகு நூற்றுக்கு நூறு வாங்கினாலும் "எங்க மக்கு நூறு வாங்கியிருக்கான்" என்றுதான் தெரு முழுக்கச் சொல்வாய். நான் கணக்கு வாத்தியார் ஆனதே அந்தப் பெயரை அழிக்கத்தான். என் பிள்ளையின் காதில் அது விழக்கூடாது. அப்பாவை ஊரே அப்படிக் கூப்பிடுகிறது என்று தெரிந்து அது வளரக்கூடாது. இதுதான் காரணம், வேறு விரோதம் ஒன்றுமில்லை.

தோட்டம் பற்றி அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்த இடத்தை நீ பார்த்ததில்லை. வீடு கட்டியவர்கள் மிச்சம் மீதியைக் கொட்டிய இடம். செங்கல் துண்டு, காய்ந்த சிமென்ட், மணல். குடித்தனம் வந்த நாளாக அதில் ஒரு புல்கூட முளைத்ததில்லை. நீ விடமாட்டாய் என்று தெரியும், அதனால் ஒரு நிபந்தனை சொல்கிறேன். அந்த மண்ணில் ஒரு கீரை முளைத்து, பறிக்கிற அளவுக்கு வளர்ந்தால் நீ வா. இல்லாவிட்டால் வராதே. என்ன செய்ய வேண்டும் என்று எழுது, ஒன்று விடாமல் செய்கிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

இன்னொன்று. உன் கடிதத்தில் அந்த வார்த்தை எந்த ரூபத்தில் வந்தாலும், அந்த வரியோடு மடித்து வைத்துவிடுவேன்.

தம்பி.


ஜூன் 21

என் தம்பிக்கு,

நிபந்தனையை ஒப்புக்கொண்டேன். கணக்கு வாத்தியார் வார்த்தை மாற மாட்டார் என்று நம்புகிறேன்.

நீ எழுதியதில் ஒரு பகுதிக்கு நான் இப்போது பதில் எழுதப் போவதில்லை. எழுத ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். கடையில் கூட்டம் வேறு. முதலில் மண்ணைப் பார்ப்போம்.

என் தொழில் முறைப்படி மருந்துச் சீட்டாகவே எழுதுகிறேன். முதல் நாள் சாயங்காலம் இடம் முழுக்க நன்றாக நனைத்து விடு. காய்ந்த தரையோடு மல்லுக்கட்டினால் கடப்பாரையும் உன் இடுப்பும்தான் உடையும். மறுநாள் ஒரு முழ ஆழம் கொத்திப் புரட்டு. கையில் அகப்படுகிற கல், சிமென்ட் எல்லாவற்றையும் பொறுக்கி எறி. சிமென்ட் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்காதே, சுண்ணாம்பு வேருக்கு ஆகாது. புரட்டிய மண்ணை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, கட்டிகளை உடைத்து விடு.

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு அந்த மண், மீதிக்குத் தண்ணீர். நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வை. கீழே மணல் தங்கும், அதற்கு மேல் வண்டல், மேலே களி. எது எவ்வளவு என்று எனக்கு எழுது.

பிறகு சாணம் மூன்று கூடை பரப்பி, மண்ணோடு கலந்து கொத்திவிடு. சாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை எழுதினேன், நீ கோபித்துக்கொள்வாயே என்று மை வைத்து அடித்துவிட்டேன். உனக்கே தெரிந்திருக்கும்.

தண்டுக்கீரை விதை இரண்டு பொட்டலம் இதோடு இருக்கிறது. மணலில் கலந்து தூவு. அள்ளிக் கொட்டாதே.

மூட்டையைப் பிரித்துப் போடு என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கிறது. சொல்லவில்லை.

அக்கா.


ஜூலை 8

அக்காவுக்கு,

சீட்டில் கண்டபடி எல்லாம் செய்தாகிவிட்டது.

தோண்டத் தோண்டப் புதையல். கொத்தனாரின் கரண்டி ஒன்று, உடைந்த குளியலறை ஓடு, ஒற்றைச் செருப்பு, யாரோ பாதி சாப்பிட்டுவிட்டு வைத்த மாதிரி ஒரு எவர்சில்வர் தட்டு. கரண்டி இன்னும் நன்றாக இருக்கிறது, துடைத்து வைத்துக்கொண்டேன். என் மனைவி படியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பக்கம், இன்னும் அந்தப் பக்கம்" என்று மேஸ்திரி வேலை பார்த்தாள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். சாக்பீஸ் பிடிக்க முடியாமல் மூன்று நாள் வாயாலேயே பாடம் நடத்தினேன். முதுகு இப்போது என்னுடையது இல்லை, வேறு யாருடையதோ.

பாட்டில் விஷயம் எனக்குப் பிடித்துவிட்டது. அடிமட்டத்தில் பத்தில் ஏழு பங்கு மணல், இரண்டு பங்கு வண்டல், களி ஒரே ஒரு பங்குதான். ஸ்கேல் வைத்து அளந்தேன். அடுத்த நாள் பாட்டிலை வகுப்புக்கே எடுத்துப்போய்ப் பின்னம் நடத்தினேன். எவனும் தூங்கவில்லை.

நீ மை வைத்து அடித்த வார்த்தையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. ஏதோ வசவு என்று விட்டுவிட்டேன். பால்காரரிடம் சொன்னேன், அவர் மூன்று கூடை சாணம் கொண்டுவந்து கொட்டினார். கலந்து கொத்தி, நேற்று விதை தூவினேன். இரண்டில் ஒரு பொட்டலம் மீதி இருக்கிறது.

முளைக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. காலையில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், சும்மா.

தம்பி.


ஜூலை 13

என் தம்பிக்கு,

கொப்புளத்தைக் குத்தாதே. தானாக ஆறட்டும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

ஏழு பங்கு மணலா? அப்படியானால் ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற சத்தும் அந்த நிமிஷமே கீழே ஓடிவிடும். அந்த மண்ணுக்கு வேண்டியது, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிற ஒரு பொருள். அது உன் மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போது ஒரு இடத்தில் பகீர் என்றது. பால்காரர் கொண்டுவந்தது என்றாயே, எப்போது போட்ட சாணம்? உடனே எழுது. போனை எடுத்தாலும் சரி.

அக்கா.


ஜூலை 24

அக்காவுக்கு,

எப்போது போட்ட சாணமா? அன்று விடிகாலையில் போட்டது. சுடச்சுட வந்தது. நீ கூடைக் கணக்குதான் எழுதியிருந்தாய், வயசு எழுதவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விதை முளைத்தது. நூல் நூலாகச் சிவப்பாக வந்தது. நான் என் மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளில் எல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. மண்ணுக்குள் கையை விட்டால் சோற்றுப் பானை மாதிரி கொதிக்கிறது. நாற்றமோ சொல்லி மாளாது. ஊரில் உள்ள ஈ எல்லாம் எங்கள் வீட்டில்தான் குடித்தனம். அவளுக்குக் குமட்டல் அதிகமாகி, படுக்கையை முன்னறைக்கு மாற்றினோம். எதிர்வீட்டு அம்மா வந்து, "மாடு வாங்கிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆகவே கீரை வளரவில்லை. நிபந்தனைப்படி நீ வர வேண்டியதில்லை. இதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை, ஆனால் பேச்சு பேச்சுதான்.

அந்த இடம் இப்போது சும்மா கிடக்கிறது. அடுத்து அதை என்ன செய்ய வேண்டும் என்று எழுது. ஒரு தகவலுக்காகக் கேட்கிறேன்.

தம்பி.


ஜூலை 29

என் தம்பிக்கு,

மடித்து வைத்தாலும் பரவாயில்லை, இனிமேல் எழுதத்தான் போகிறேன்.

நான் அடித்த வார்த்தை "மக்கின". மக்கின சாணம் மூன்று கூடை என்று எழுதினேன். எழுதிவிட்டு, ஐயோ, இந்த வரியோடு மடித்து வைத்துவிடுவானே, கீரை முளைக்காதே, என்னை வரவேண்டாம் என்பானே என்று பயந்து மையைப் பூசினேன். நான் பயந்ததே நடந்துவிட்டது. பச்சைச் சாணம் மண்ணுக்குள் போய் அங்கேயே மக்க ஆரம்பித்தால் சூடு கிளம்பும், வேர் வெந்துவிடும். அதை வெளியிலேயே போட்டு, சூடு ஆறி, நாற்றம் போய், மண் வாசனை வந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். மண்ணைப் பற்றி நாலு வரி எழுதினால் அதில் இரண்டு தடவை அந்த வார்த்தை வந்தே தீரும். அதை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை. உன்னால் எழுத முடிந்தால் எழுதிக் காட்டு.

இப்போது செய்ய வேண்டியது: அள்ள முடிந்த சாணத்தை அள்ளி ஒரு மூலையில் குழியில் போட்டு, காய்ந்த இலை, காய்கறித் தோல், டீத்தூள் எல்லாம் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரமாக வைத்து மூடு. அடுத்த வருஷத்துக்கு ஆகும். பாத்தியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, கொத்தி, இரண்டு வாரம் ஆறவிடு. கை வைத்தால் குளுகுளு என்று இருக்க வேண்டும். பிறகு அந்த மூட்டையைப் பிரி. என்மேல் இருக்கிற கோபத்தை மூட்டைமேல் காட்டாதே. இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேல்மண்ணோடு கலந்து, மீதி விதையைத் தூவு.

உன் பழைய கடிதத்துக்குப் பதில். உனக்கு அது வலித்தது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. எனக்கு அது உன் பெயர், அவ்வளவுதான். நீ நூறு வாங்கினபோது நான் தெரு முழுக்கச் சொன்னது பெருமையில். வலிக்கும் என்று தெரிந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். கூப்பிடாமல் மட்டும் இருந்திருக்க மாட்டேன்.

அந்தப் பெயர் உன் பிள்ளையின் காதில் விழாது. இது என் வாக்கு. எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

லீவை இன்னும் கேன்சல் செய்யவில்லை. அதுவும் ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

அக்கா.


செப்டம்பர் 12

அக்காவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. பாதியில் எழுதக்கூடாது, முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

மண் ஆறின பிறகு மூட்டையை வெளியே இழுத்தேன். வாயைப் பிரிக்கத் தையல் நூலை உருவினேன். மடித்துத் தைத்திருந்த பகுதி விரிந்தது. அந்த மடிப்புக்குள், அதே கறுப்பு மையில், உள்ளங்கை அகல எழுத்தில் "இலை" என்று இருந்தது.

கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி வந்து பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே குழந்தையும் உதைத்ததாம். அதுவும் உன் பக்கம்தான் போலிருக்கிறது.

மக்கை இரண்டு கையாலும் அள்ளினேன். கறுப்பாக, லேசாக, நீ சொன்ன மாதிரி உதிர்ந்தது. முதல் மழை வாசனை. அதைப் போய் இரண்டு மாதத்துக்கு மேலாகச் சுவரைப் பார்க்க வைத்திருந்தேன். பரப்பி, கலந்து, விதை தூவினேன். முளைத்தது. இந்தத் தடவை படுக்கவில்லை. போன வாரம் கொத்தும்போது ஒரு மண்புழு வந்தது. ஒன்றே ஒன்றுதான். எங்கிருந்து வந்தது, யார் சொல்லி வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

ஒரு டப்பாவில் கொஞ்சம் மக்கு எடுத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனேன். எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "இதுதாண்டா மக்கு. இது இல்லேன்னா உங்க வீட்ல சோறு இல்ல" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "அப்ப உங்களை அப்படியே கூப்பிடலாமா சார்?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். இப்போதும் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன். மண்ணில் கை வைத்த பிறகு அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு வேறு வாசனைதான் வருகிறது.

நீ எழுத்தில் கொடுத்த வாக்கைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த உறையிலேயே இருக்கிறது. அது எனக்கு வேண்டாம். என் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லித் தருவதானால் நீதான் சொல்லித்தர வேண்டும். எப்படி வந்தது என்ற கதையோடு சொல். ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பி.

நேற்று முதல் பறிப்பு. பாதியை நாங்கள் வைத்துக்கொண்டு, மீதியை ஈரத்துணியில் சுற்றி, உன் மூட்டையிலேயே போட்டு பார்சல் வண்டியில் அனுப்பியிருக்கிறேன். உனக்கு வரும்போது வாடித்தான் இருக்கும். நேரில் வந்து பறித்தால் வாடாது. டாக்டர் அக்டோபர் முதல் வாரம் என்கிறார். அவளுக்கு உள்ளுக்குள் பயம், வெளியே சொல்லமாட்டாள். எனக்கும்தான்.

வா அக்கா.

தம்பி.


செப்டம்பர் 15

என் தம்பிக்கு,

இன்று காலை கடையில் நல்ல கூட்டம். பார்சல் வண்டிக்காரர் வாசலில் நின்று மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே, "மக்குவின் அக்கா யாருங்க? இங்க மக்குவின் அக்கான்னு யாருங்க?" என்று சத்தம் போட்டார். கையில் சீட்டோடு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். உன் அத்தான் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், அவரும் பார்த்தார்.

கையைத் தூக்கினேன். "நான்தாங்க" என்றேன்.

மூட்டையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். "மக்கு" என் கை எழுத்து. அதன் பக்கத்தில் "வின் அக்கா" மட்டும் உன் கரும்பலகை எழுத்து. கீரை வாடித்தான் இருந்தது. அதையே ஆய்ந்து சமைத்தேன், ஒரு இலைகூட வீணாக்கவில்லை. உன் அத்தானுக்கு ஒரு கரண்டிதான் கொடுத்தேன்.

லீவை முன்னாலேயே எடுத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு இரவு வண்டிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. திங்கள் காலை அங்கே இருப்பேன். கூடவே இன்னொரு மூட்டையும் வருகிறது. இந்தத் தடவை நானே தூக்கிக்கொண்டு வருவதால் மேலே ஒன்றும் எழுதவில்லை. அவளைப் பயப்பட வேண்டாம் என்று சொல். நீயும் பயப்படாதே. நான் வந்தபிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து பயப்படலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது பார்த்தேன். "இலை"யை நீயே மறுபடியும் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறாய்.

இப்படிக்கு,
மக்குவின் அக்கா.